கோணிப் பைக்குள் அமெரிசியம்!

உங்களில் பலர் இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ டிப்ளமோவைக் கையில் வாங்கிக் கொண்டு ஏதாவது ஓர் ஆலையின் மெயின்டெனன்ஸ் பிரிவில் போய் நிற்கப் போகிறீர்கள். முதல் வாரமே "ஸ்டோரை ஒதுங்க வைப்பா" என்று அனுப்பி விடுவார்கள். பயிற்சிக்குப் போன என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. (பெயர் வேண்டாமே!) தீ எச்சரிக்கை அமைப்பைப் புதிதாக மாற்றியிருந்தார்கள. கழற்றிய பழைய புகை உணர்விகள், அதாவது நாம் பேச்சில் சொல்லும் 'ஸ்மோக் டிடெக்டர்'கள், ஒரு கோணிப் பையில் கட்டப்பட்டு, பஞ்சுக் கழிவு மூட்டைக்கும் டீ போடும் ஸ்டவ்வுக்கும் நடுவில் கிடந்தன. (பஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வா என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை!) சனிக்கிழமை காயலான் கடைக்காரர் எடை போட வருவதாக ஏற்பாடு. ஹெல்பர் அண்ணன் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குள்ள தங்கம் இருக்குதாமா கண்ணு!"

தங்கம் இருப்பது பொய்யில்லை. ஆனால் அது மைக்ரான் கணக்கில் பூசிய மெல்லிய மூடி. அந்த மூடிக்கு அடியில் இருப்பதுதான் விஷயம்: அமெரிசியம்-241.

அயனி வகை உணர்விக்குள் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் வெறும் காற்று. அமெரிசியத்தில் இருந்து கிளம்பும் ஆல்பா துகள்கள் அந்தக் காற்றை அயனிகளாக்குகின்றன. தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் பிக்கோ ஆம்பியர் அளவில் ஒரு மின்னோட்டம் ஓடும். புகை நுழைந்தால் அயனிகள் புகைத் துகளில் ஒட்டிக் கொள்ளும், மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். அவ்வளவுதான்! ஒளியால் புகையைக் கண்டுபிடிக்கும் இன்னொரு வகை உண்டு. அதில் கதிரியக்கப் பொருள் கிடையாது. மூன்று இதழ் விசிறி போன்ற சின்னமும், 'அமெரிசியம்-241, 0.9 மைக்ரோ கியூரி' என்பது போன்ற லேபிளும் இருந்தால் அது நம்ம ஆள்.

0.9 மைக்ரோ கியூரி என்றால் வினாடிக்குச் சுமார் 33,000 சிதைவுகள். பயந்து ஓட வேண்டியதில்லை. ஆல்பா துகளை ஒரு தாளே நிறுத்தி விடும். காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கூரையில் முழுசாக இருக்கும் வரை அது நமக்குக் காவல்காரன். ஆனால் உடைத்து, ராவி, சுரண்டி அந்தத் தூள் மூச்சிலோ டீ கிளாஸிலோ போனால் கதை வேறு. அமெரிசியம் எலும்பிலும் ஈரலிலும் போய்த் தங்கும். வருடக் கணக்கில் வெளியேறாது. அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள்! தஞ்சையில் நாயக்கர் ஆண்ட காலத்தில் ஒரு துளியைப் புதைத்து வைத்திருந்தால் இன்றைக்குத்தான் பாதியாகியிருக்கும்.

2010-ல் டெல்லி மாயாபுரியில் பயனில்லாமல் கிடந்த ஒரு பல்கலைக்கழகக் கருவி பழைய இரும்போடு விற்கப்பட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. பிரித்தவர்களில் ஒருவர் இறந்தே போனார். அதன் வீரியத்தோடு நம் உணர்வியை ஒப்பிடவே முடியாது. ஆனால் ஸ்டோர் ரூமில் இருந்து காயலான் கடைக்குப் போகும் பாதை ஒன்றுதான்.

சரி, எப்படித்தான் வைப்பது? முதலில், பிரிக்காதீர்கள், துளையிடாதீர்கள், நசுக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். வந்த அட்டைப் பெட்டி இருந்தால் அதிலேயே, இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூட்டுள்ள இரும்பு அலமாரியில் வையுங்கள். ஈரம் கூடாது. எரியும் பொருள் அருகில் கூடாது. யாரும் நாள் முழுக்க உட்காரும் மேஜைக்குப் பக்கத்திலும் வேண்டாம். அலமாரி மேல் கதிரியக்கச் சின்னம் ஒட்ட வேண்டும். மிகப் பழைய மாடல்களில் ரேடியம்-226 இருக்கலாம். அது ரேடான் வாயுவை விடும் என்பதால் காற்றோட்டமும் தேவை. உடைந்ததை வெறுங்கையால் தொடக் கூடாது. பெருக்கவும் கூடாது, தூசி பறக்கும். கையுறை போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்து உறையில் கட்டி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரிஜிஸ்டர்! எண், மாடல், எங்கே கழற்றியது, தேதி. கடைசியில் சப்ளையரிடமே திருப்பி அனுப்பி ரசீது வாங்க வேண்டும். சப்ளையர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

அன்று சூப்பர்வைசர் சாரைக் கூப்பிட்டு வந்தேன். முதலில் "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார். லேபிளைக் காட்டியதும் ஸ்க்ரூ டிரைவரை அவரே வாங்கி வைத்துக் கொண்டார். மாட்டிய காலத்துப் பட்டியலைத் தேடி எடுத்து எண்ணினோம். பட்டியலில் 64, பையில் 63. ஹெல்பர் அண்ணன், "சத்தியமா நான் எடுக்கலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாள் தேடினோம். அறுபத்து நாலாவது, பழைய கம்ப்யூட்டர் அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யாரும் கழற்றாமல் அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது.