சூளையின் உச்சியில் நின்றவர்கள்

சுவாசப்பைப் புற்றுநோய் புகை பிடிப்போருக்கே வரும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். புகையிலை பெரும் பகையே, ஐயமில்லை. ஆயினும், ஒருவர் எங்கே வேலைக்கு நிறுத்தப்பட்டார் என்பதும் அந்நோய்க்கு வழி திறக்கும். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் வட்டாரத்து உருக்காலைகள் இதற்குச் சான்று.

இரும்பை உருக்கக் கற்கரி வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் புகாத சூளைகளிலிட்டுப் பல மணி நேரம் சுட்டால் அது கிடைக்கும். சூளையின் உச்சியில் நின்று மூடியைத் திறந்து கரியைக் கொட்டுவோரின் முகத்தில் தார் கலந்த புகை வந்து மோதும். அங்கே நின்றவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்.

கற்கரி ஆலைகளிற் கறுப்பினத்தவரிடையே இந்நோய் மிகுந்திருந்தது. இனத்தின் இயல்புதான் காரணமோ? ஏறத்தாழ 59,000 உருக்குத் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சியின் வழியே வில்லியம் லொயிட் என்பார் 1971இல் விடை பகர்ந்தார். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உச்சியிலேயே உழைத்தோருக்கு இந்நோயின் அபாயம் பத்து மடங்கு! குற்றம் தோலில் இல்லை. நின்ற இடத்தில் இருந்தது.

வேறு பகுதிக்கு மாறலாகாதோ? மாறினால், ஈட்டிய சேவை மூப்பை இழக்க நேரும். நிறத்தைக் குறிப்பிடாத இவ்விதியே, முன்னர் தள்ளப்பட்ட பகுதியிலேயே கறுப்பினத்தவரைக் கட்டி வைத்தது. 1974இல் நீதிமன்ற உடன்பாட்டினால் அது மாறியது. 1976இல் சூளைப் புகைக்குச் சட்ட வரம்பு விதிக்கப்பட்டது.

நோயாளியிடம் “புகை பிடிப்பீரோ?” எனக் கேட்கும் நாம், “எங்கே வேலை செய்தீர்? அங்கே உம்மை நிறுத்தியவர் யார்?” எனவும் கேட்பதன்றோ முறை?