ஹயசிந்த் ஆசையா? கீரமங்கலத்துச் சம்பங்கி இருக்கே!

ஆன்லைன் கடைகளில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கண்ணாடிக் குவளையில் வெங்காயம் போல ஒரு கிழங்கு, அதன் தலையில் நெருக்கமாக அடுக்கிய வெள்ளைப் பூங்கொத்து. பெயர் ஹயசிந்த். ‘வீடு முழுக்க மணக்கும்’ என்ற வரியைப் படித்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். கிழங்கு வருகிறது, நடுகிறோம், நாலு இலை விடுகிறது. பூ மட்டும் வருவதில்லை. வந்தாலும் மண்ணோடு ஒட்டிக் குட்டையாக எட்டிப் பார்த்துவிட்டுக் கருகிப் போகிறது.

கிழங்கின் மேல் குற்றமில்லை. ஹயசிந்த் மத்தியத் தரைக்கடலின் கிழக்குப் பக்கத்துச் செடி. பூத்தண்டு நீள வேண்டுமென்றால் அந்தக் கிழங்கு முதலில் பத்துப் பன்னிரண்டு வாரம் குளிரில் கிடக்க வேண்டும். புதுக்கோட்டையில் மார்கழிப் பனிகூட அதற்குப் போதாது. ஆசையை விட முடியாதவர்களுக்கு ஃபிரிட்ஜ் ஒரு வழி. கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, காய்கறித் தட்டில் மூன்று மாதம் வைக்கலாம். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூ மொட்டைக் கெடுத்துவிடும். சின்ன வெங்காயம் என்று யாரும் குழம்பில் போட்டுவிடாமல் பையின் மேல் பெயரை எழுதி வையுங்கள், அது விஷம். வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு அரிக்கவும் செய்யும்.

பிறகு வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில், கிழங்கின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வைத்து, வேர் இறங்கும்வரை இருட்டில் வைத்தால் பூக்கும். ஒரு முறைதான். மறு வருஷத்துக்கு நம் வெயிலில் அது தேறாது. இத்தனை பாடும் ஒரு வாரப் பூவுக்கு!

இதே வெள்ளை, இதே கிழங்கு, இதைவிடத் தூக்கலான வாசனை வேண்டுமென்றால் கீரமங்கலம் பூ மார்க்கெட் பக்கம் போகலாம். மல்லிகை, முல்லை, கனகாம்பரத்தோடு சம்பங்கியும் அங்கே கிலோ கணக்கில் விலைக்கு வருகிறது. மாலை கட்டுபவர்களுக்குச் சம்பங்கி இல்லாமல் முகூர்த்தம் இல்லை.

மரத்தில் பூக்கும் செண்பகத்தையும் சிலர் சம்பங்கி என்பதால், இதை நிலச்சம்பங்கி என்பார்கள். வடக்கே ரஜினிகந்தா. சொந்த ஊர் மெக்ஸிகோ. பழைய ஐரோப்பியத் தாவர நூல்களில் இதற்கு ‘இந்திய ஹயசிந்த்’ என்றே பெயர் உண்டு. அமெரிக்காவையும் ‘இந்தியா’ என்று சொன்ன காலம் அது. இன்றைய தாவரவியல் கணக்குப்படியும் இரண்டும் ஒரே குடும்பம்தான். நம்மூர் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே குடும்பத்துப் பங்காளி.

மாடியில் வளர்ப்பது எப்படி?

ஆனி, ஆடி நடவுக்கு ஏற்றது. ஒற்றை அடுக்குப் பூவில்தான் வாசனை அதிகம். மாலைக்கும் அதுவே. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘பிரஜ்வல்’ ரகத்தின் மொட்டில் லேசாக ரோஜா நிறம் ஓடும், பூ பெரிது. இரட்டை அடுக்கு ரகங்கள் மேடை அலங்காரத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

25 முதல் 30 கிராம் எடையுள்ள, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிழங்காகப் பாருங்கள். ஓர் அடி அகலத் தொட்டியில் மூன்று கிழங்கு போதும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து, கிழங்கின் முனை மேலே இருக்கும்படி ஓர் அங்குல ஆழத்துக்குள் நடுங்கள். முளை வரும்வரை தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டுங்கள், வந்தபின் தாராளம். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். இதனால் சம்பங்கியை அறைக்குள்ளேயே வளர்ப்பது நடக்காத காரியம். தெற்கு பார்த்த பால்கனி சரிப்படும்.

மூன்று, நான்கு மாதத்தில் தண்டு எழும்பும். அதற்குள் ஐப்பசி மழை தொடங்கிவிடுமே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொட்டியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

அடியில் இரண்டு பூ விரிந்ததும் தண்டோடு வெட்டி ஜாடியில் வைத்தால், மீதி மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மலரும். தண்ணீரைத் தினமும் மாற்றி, தண்டின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுங்கள். இருட்டியபின் வாசனை ஏறும். அந்துப்பூச்சிகளை அழைக்கச் செடி செய்யும் ஏற்பாடு அது. சாத்திய படுக்கையறையில் சிலருக்குத் தலை வலிக்கும், கூடத்தில் வையுங்கள்.

ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும், ஆனால் பக்கத்தில் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும். அவை அடுத்தடுத்துப் பூக்க, ஒரு நடவு மூன்று வருஷம் ஓடுகிறது. ஹயசிந்த் இங்கே தோற்பதும் சம்பங்கி ஜெயிப்பதும் இந்த இடத்தில்தான்.

வயலில் வேறு கணக்கு

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக வைத்த தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். சம்பங்கி நட்ட வருஷமே கையில் காசு தரும். ஆனால் விடியற்காலையில் பறித்ததை அன்றே விற்றாக வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும், மறுநாள் பறிகூலிகூடக் கட்டாமல் போகும். 2020 ஊரடங்கில் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. பூ செடியிலேயே காய்ந்தது.

விவசாயிகளின் இன்னொரு தலைவலி வேர்முடிச்சு நூற்புழு. விதைக்கிழங்கோடு சேர்ந்து வந்துவிடும். அதனால் பழைய வயலைக் கிளறும்போது கிழங்கு கேட்டு வாங்குபவர்கள், வேரில் கழலை போல முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனையும் கேட்கலாம். வாங்கிய கிழங்கை உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் பரப்பி வையுங்கள். தொட்டியின் ஓரத்தில் இரண்டு செண்டிப்பூ நாற்று வைத்தால் நூற்புழுவும் குறையும், நவராத்திரிக்குப் பூவும் ஆச்சு.