போர்த்துகீசிய வினைவடிவங்களில் அசையும் அழுத்தமும்

தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. போர்த்துகீசியத்தில் வினையின் காலமே அதனைச் சார்ந்து நிற்பதுண்டு. ‘ஃபலாரவ்’ என்பது ‘பேசினார்கள்’. ‘ஃபலராவ்’ என்பது ‘பேசுவார்கள்’ (இறுதி மூக்கொலி இங்குக் காட்டப்படவில்லை). இரண்டும் மூவசைச் சொற்களே. அசை என்பது ஈண்டு யாப்பசையன்று, ஒலியசை. முன்னதில் இரண்டாம் அசையும் பின்னதில் ஈற்றசையும் அழுத்தம் பெறுகின்றன. இரண்டையும் ‘ஃபலரவ்’ என்றே தமிழில் எழுதினால் இறந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றாகிவிடும்.

இவ்வெதிர்கால வடிவம் ‘பேச’ என்னும் எச்சத்தோடு உடைமைப் பொருள் தரும் துணைவினை இணைந்து பிறந்தது. ஆதலின் உயர்வழக்கில் அவ்விரண்டன் இடையே பதிலிடுபெயர் புகுகிறது: ‘ஃபலர்-லியெ-ஆவ்’, அதாவது ‘அவரிடம் பேசுவார்கள்’. அசைகள் நான்காகியும் முதன்மை அழுத்தம் ஈற்றிலேயே நிற்கிறது. ‘வந்துதான் இருக்கிறான்’ எனத் தமிழில் இடைச்சொல் புகுவதை இதனோடு ஓரளவு ஒப்பிடலாம்.

அழுத்தத்தைத் தமிழெழுத்தில் காட்டும் வழியைக் கடன்சொற்களே தருகின்றன. மேசை, சாவி, சப்பாத்து, துவாலை ஆகியவற்றில் மூலமொழியின் அழுத்த உயிர் நெடிலாக நிற்கிறது. மேலே ‘லா’, ‘ரா’ என எழுதியதும் இம்முறை பற்றியே. ‘ஜன்னல்’ மட்டும் இதற்கு அடங்கவில்லை. மூலத்தில் அழுத்தம் பெற்ற நடு அசை அங்குக் குறிலாகவே நின்றுவிட்டது.