முதலாளி தட்டிக்கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

கூகுளுக்குக் கோடிகோடியாய்க் கொட்டும் விளம்பர வருமானத்துக்கு வழி வகுத்தவர்கள், விளம்பரப் பிரிவு ஆட்களே இல்லை, தெரியுமா?

2002 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கூகுளுக்கு அப்போது நாலு வயதுகூட நிறையவில்லை. நிறுவனர் லாரி பேஜ், 'கவாசாகி எச்1பி' என்ற பழைய மோட்டார் சைக்கிளைத் தேடுகிறார். கூடவே வந்த விளம்பரம்? எச்1பி விசா வாங்கித் தரும் வக்கீல்களுடையது! பேஜ் யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லை, கூட்டமும் போடவில்லை. அந்தப் பக்கங்களை அச்சிட்டு, 'இந்த விளம்பரங்கள் படுமோசம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அலுவலகச் சமையலறைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்!

திங்கள் விடிகாலை 5.05 மணிக்கு ஒரு மின்னஞ்சல். ஜெஃப் டீன் என்ற பொறியாளரும் சகாக்கள் நால்வரும் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்து, தீர்வையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். காசு தருகிறார்கள் என்பதற்காக மட்டும் விளம்பரத்தை மேலே ஏற்றாதே, தேடியவருக்கு அது பொருந்துகிறதா என்று மதிப்பெண் போடு என்பதுதான் சாரம். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை! 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்று யாரும் முறைக்கமாட்டார்கள் என்ற தெம்புதான் அவர்களை உட்காரவைத்தது என்பேன். அந்தத் தெம்பைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்க முடியாது.

இன்னொரு ஆச்சரியம்! ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைக் கணக்கு அதிகம்! காரணம், அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மேலே இருப்பவர் கடித்துக் குதறமாட்டார் என்று தெரிந்தால் வாய் திறக்கிறது.

ட்விட்டர் பிறந்ததும் இப்படித்தான். 2005-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்ததும், அதையே நம்பியிருந்த ஓடியோ என்ற குட்டி நிறுவனம் ஆடிப்போனது. முதலாளி எவான் வில்லியம்ஸ் கதவை இழுத்து மூடவில்லை, புது யோசனை சொல்லுங்கள் என்று ஊழியர்களிடமே கேட்டார். அவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி சொன்ன குறுஞ்செய்தி யோசனை, 2006 மார்ச் 21 அன்று முதல் ட்வீட் ஆனது!

நம் சென்னையில்? 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம், ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்தது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் அது பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள். அவர்களில் சுமார் 70 பேருக்கு 30 வயதுகூட ஆகியிருக்கவில்லை!