பறை என்னும் பதம்

திருப்பாவையில் பத்துக்கும் மேற்பட்ட பாசுரங்களில் ‘பறை’ என்னும் பதம் பயில்கின்றது. இதற்குப் பொருள் கூறுமிடத்து, உபந்யஸிப்பவர் சிலர் வாத்யத்தின் பெயரையே வாயில் வைக்காமல் ‘கைங்கர்யம்’ என்று தாவிவிடுகின்றனர். பூர்வாசார்யர்கள் காட்டிய வழி அதுவன்று.

இளமையில் திருத்தகப்பனாருடன் மலைநாட்டுத் திருப்பதிகளை ஸேவிக்கச் சென்றபோது, திருவட்டாற்றில் ஒரு மூதாட்டி அடியேனைப் பார்த்து, “பிள்ளே, பேரைப் பறை” என்றார். அப்போதுதான் திருப்பாவை ஸந்தை முடித்திருந்த அடியேன், வாத்யத்தைக் கேட்கிறாரோ என்று விழித்தேன். ‘சொல்’ என்பதே அவர் கருத்து. குமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பறைதலாவது பேசுதல். மலையாளத்தில் அதுவே பொதுவழக்கு. அம்மொழியில் ‘பற’ என்பது வாத்யத்திற்கும், பத்து இடங்கழி கொண்ட முகத்தலளவைக்கும் பெயர். அந்நாட்டுக் கோயில்களில் நெல்லைப் பறை நிறைத்து ஸமர்ப்பிக்கும் வழக்கமும் உண்டு. பழங்கன்னடத்தில் ‘பறெ’, பின்னர் ‘ஹரெ’, வாத்யத்தின் பெயர். தொல்காப்பியமோ ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தது.

கடல் கடந்த கதை வேறு. பறையறைவோரின் குலப்பெயர் போர்த்துக்கீஸியர் வாய்வழியே ஆங்கிலம் சென்று, ‘பரியா’ என்றாகி, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள்பட்டது. அப்பொருள் சொல்லில் இருந்ததன்று. வந்தவர்கள் இந்நாட்டில் கண்ட நடத்தையில் இருந்தது. மேற்சொன்ன உபந்யாஸகர்களின் கூச்சத்திற்கும் வேர் இதுவே என்று அடியேன் எண்ணுகிறேன். ஆண்டாளுக்கு அக்கூச்சம் இல்லை.

‘பறை’ என்றால் சொல், ஆகவே இங்கு சரமச்லோகமே விவக்ஷிதம் என்பாரும் உளர். இது சாதுர்யமேயன்றி வ்யாக்யானமன்று. இருபத்தாறாம் பாசுரத்தில் சங்கு, விளக்கு, கொடி, விதானம் ஆகியவற்றோடு பறையும் கேட்கப்படுகின்றது. அங்கே அது நோன்புக்கு உபகரணமான வாத்யமே. இருபத்தொன்பதாம் பாசுரத்தில், பறையைப் பெறுவதற்காக வந்தோமல்லோம், எக்காலத்தும் உனக்கே அடிமை செய்வதற்காக வந்தோம் என்கிறார்கள். முன்னே வாத்யத்தை மெய்யாகவே கேட்டிராவிடில், பின்னே மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயர்பாடி முதியோர் இசைந்தது மழைக்கான நோன்புக்கு; அந்நோன்புக்கு வேண்டுவது பறை. பெண்பிள்ளைகள் நெஞ்சில் கொண்டது கைங்கர்யம். வாத்யத்தை வ்யாஜமாக நிறுத்திக்கொண்டே வ்யாக்யாதாக்கள் உட்பொருளைக் காட்டியருளினர்.