புழு கடித்தால் செடிக்குத் தெரியுமா? கொல்கத்தாவில் தொடங்கிய தேடல்

மாடித் தோட்டத்துத் தக்காளி இலையைப் புழு ஒன்று மென்றுகொண்டிருக்கிறது. செடியால் ஓட முடியாது, புழுவைத் தட்டிவிடவும் முடியாது. பாவம், சும்மாதானே நிற்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை!

போஸ் என்ன சொன்னார்?

கொல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ், தொட்டாச்சிணுங்கியை ஆராய்ந்து, செடிக்குள் மின் சமிக்ஞை பயணிக்கிறது என்றார். 'நரம்பே இல்லை, மின் சமிக்ஞை எப்படி?' என்று அன்றைய ஐரோப்பிய அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தனர். அவர் தளரவில்லை. 1917 நவம்பர் 30 அன்று கொல்கத்தாவிலேயே போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

போஸ் பூச்சிகளை ஆராயவில்லை. ஆனால் செடியின் தற்காப்புக்கும் மின் சமிக்ஞைக்கும் உள்ள தொடர்பு பிறகு தெரியவந்தது. 1992-ல் தக்காளி நாற்றின் ஓர் இலையைக் காயப்படுத்தியபோது, மின் சமிக்ஞை மற்ற இலைக்குப் போனது. அங்கே பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் உருவாகத் தொடங்கியது.

எச்சரிக்கை எப்படிப் பரவுகிறது?

2018-ல் ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் இதைப் படமே பிடித்துவிட்டார்கள். புழு கடித்த இடத்தில் குளூட்டமேட் கசிகிறது. நம் மூளையும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அதே பொருள்தான். உடனே கால்சியம் அலை கிளம்பி, சில நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளை எட்டுகிறது. அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, தற்காப்பு தொடங்குகிறது.

கத்தரிக்கோலா, புழுவா?

அதுவும் செடிக்குத் தெரியும். புழுவின் எச்சில்தான் காட்டிக்கொடுக்கிறது. எச்சில் பட்ட மக்காச்சோளம் ஒரு வாசனையை வெளியிடும். அதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து புழுவின் உடலுக்குள் முட்டையிடும். புழுவின் கதை முடிந்தது.

பிறகு ஏன் பயிர் அழிகிறது?

தற்காப்புக்குச் செடி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். பூச்சிகளும் அதைச் சமாளிக்கக் கற்றிருக்கின்றன. புகையான் போன்றவை இலையை மெல்லாமல், ஊசிபோலக் குத்திச் சாறு உறிஞ்சுகின்றன. இதற்கும் போஸ் நிறுவனத்தில் ஒரு வழி தேடினார்கள். சம்பா தாஸ் குழுவினர், பூண்டு இலையிலுள்ள லெக்டின் என்ற புரதத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்தார்கள். சோதனையில், அந்த நெல்லில் புகையான் பிழைப்பது குறைந்தது. இது ஆய்வு அளவிலான முயற்சி, விவசாயிகள் பயிரிடும் ரகமல்ல.

நமக்கு என்ன?

இலையில் ஓட்டை தெரிந்ததும் மருந்து அடித்தால், செடி அழைத்த குளவியும் செத்துப்போகும். ஒன்றிரண்டு புழு என்றால் கையால் எடுத்துப் போடுங்கள். மிச்சத்தைச் செடி பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.