முதன்முறையாக வீட்டுக் கூட்டத்திற்குச் செல்லுகிறீர்களா?

நீங்கள் திருநெல்வேலியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ மும்பைக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருக்கலாம். ஊரில் உங்கள் ஆலயத்திற்குக் கோபுரம் இருந்தது, மணி இருந்தது, உங்கள் குடும்பத்தார் வழக்கமாக உட்காரும் இடம்கூட இருந்தது. இங்கே தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ அடுத்த வீட்டு அக்கா ஒருவர், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுல கூட்டம் இருக்கு தம்பி, வந்துட்டுப் போங்க" என்று அழைக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கூடுவது ஒரு சபையா, அங்கே என்ன செய்வார்கள், நம்மை என்ன செய்யச் சொல்லுவார்கள் என்ற தயக்கம் உங்களுக்குள் எழும்பும். அந்தத் தயக்கம் அவிசுவாசம் அல்ல. அறியாத வீட்டிற்குள் கால் வைக்கிற எவருக்கும் உண்டாகிற இயல்பான உணர்வுதான்.

முதலாவது, அது சபைதானா என்ற கேள்வி. அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் சந்திக்கிறோம். இராயனுடைய கட்டளையினால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துவுக்குப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். தொழில் கூடாரம் செய்வது. நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்த உழைப்பாளிகள். பின்பு எபேசுவுக்குப் போனார்கள், மறுபடியும் ரோமாபுரிக்குத் திரும்பினார்கள். போன இடத்திலெல்லாம் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடிற்று என்பதை 1 கொரிந்தியர் 16:19, ரோமர் 16:5 ஆகிய வசனங்களில் வாசித்துப் பாருங்கள். சீரியா தேசத்தின் தூரா யூரோப்போஸ் என்ற பழைய நகரத்தில் கி.பி. 240-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சாதாரண வீடு ஆராதனைக்கென்று மாற்றப்பட்டிருந்ததை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். இடநெருக்கடி நம் காலத்தில் தோன்றியது அல்ல! பெந்தெகொஸ்தே எழுப்புதல் வரலாற்றில் அசூசா தெருவைப் பெருமையோடு சொல்லுகிறோமே, அதுவும் 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பானி பிரே தெருவிலிருந்த ஒரு சிறிய வீட்டின் ஜெபக்கூட்டத்தில் தொடங்கியதுதான். வீடு கொள்ளாமற்போனபடியினால்தான் அசூசா தெருவுக்குப் போனார்கள்.

இனி நீங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். ஐந்து மணி என்று சொல்லியிருப்பார்கள், ஐந்தரைக்குத்தான் ஆரம்பமாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதைப் பராமரிப்புக்காக மெகா பிளாக் இருந்தால் கல்யாணிலிருந்து வருகிறவர்கள் இன்னும் தாமதிப்பார்கள். வெளியே செருப்புகள் குவிந்திருக்கும். உள்ளே கட்டிலை மடக்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமருவது வழக்கம், பெண்கள் முக்காடிட்டிருப்பார்கள். சகோதரிகள் சேலை முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டால் போதும். வேதாகமம் கையில் இல்லையென்றால் யாராவது கொடுப்பார்கள். புதியவர் என்பதற்காக உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். பக்கத்தில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி பாயில் உட்கார்ந்திருந்தால் அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சட்டையைப் பார்த்துத்தான் நாற்காலி வந்ததோ என்று தோன்றினால், யாக்கோபு 2-ஆம் அதிகாரம் அந்த வீட்டாருக்கும் எழுதப்பட்டிருக்கிறது.

பாடல்களில்தான் ஆரம்பிப்பார்கள். ஒருவர் தொடங்க மற்றவர்கள் கஞ்சிராவோடும் கைத்தாளத்தோடும் சேர்ந்துகொள்ளுவார்கள். பாடல் எண் சொல்லுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அதன்பின் துதி வேளை. ஒருவர் ஜெபிக்க மற்றவர்கள் ஆமென் சொல்லும் ஒழுங்கில் வளர்ந்தவர்களுக்கு இதுவே மிகுந்த அதிர்ச்சியைத் தரும். அறையிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் சத்தமாய் ஜெபிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் அந்நியபாஷையில் பேசுவார்கள்.

புதியவர் ஒருவர் இதைக் கண்டால் என்ன நினைப்பார் என்பதைப் பவுல் அப்போஸ்தலனே முன்னறிந்து 1 கொரிந்தியர் 14:23-இல் எச்சரித்திருக்கிறார். ஆகையால் அந்நியபாஷையில் பேசுவோரின் எண்ணிக்கைக்கும், அர்த்தம் சொல்லுவதற்கும், மௌனமாயிருப்பதற்கும் அதே அதிகாரத்தில் ஒழுங்கு வகுத்தார். நீங்கள் கவனிக்க வேண்டியது சத்தத்தின் அளவை அல்ல. நடத்துகிறவர் கையை உயர்த்தி "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது அந்தச் சத்தம் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் அங்கே ஒழுங்கு உண்டு. உங்களால் கைதட்ட முடியவில்லையா? அமைதியாக உட்கார்ந்திருங்கள். ஒருவரும் உங்கள் தாடையை அசைத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அந்நியபாஷையை வருவிக்க முயலக் கூடாது. ஆவியானவர் தருகிற வரத்திற்கு மனுஷருடைய நெருக்குதல் தேவையில்லை.

சாட்சி வேளைதான் வீட்டுக் கூட்டத்தின் இருதயம் என்பது என் எண்ணம். பெரிய ஆலயத்தில் கேட்கக் கிடைக்காதவற்றை இங்கே கேட்பீர்கள். ரேஷன் கார்டில் மகள் பெயர் சேர்ந்ததற்காக ஒரு தாய் நன்றி சொல்லுவார். இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள் என்று ஒரு சகோதரர் கண்கலங்குவார். இவை அற்பமானவையாய்த் தோன்றலாம். இந்த நகரத்தில் ஒரு வருடம் வாழ்ந்த பின் அப்படித் தோன்றாது. உங்களையும் எழுந்து நிற்கச் சொல்லுவார்கள். பெயர், சொந்த ஊர், வேலை, தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லி உட்கார்ந்தால் போதும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாய் எழுத வேண்டும். எந்த ஊர் என்று விசாரிப்பது அன்பு. "அந்த ஊரில் எந்தத் தெரு, யார் வகையறா?" என்று துருவுவது வேறு. அந்தக் கேள்வி எதற்காக என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சாதியை ஊரிலேயே விட்டு வந்தோம் என்று சாட்சி சொல்லுகிற வாயால் அதைக் கேட்கலாகாது. நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை. பதில் சொல்லாததினால் உங்களுக்குத் தேநீர் வராமற்போகுமானால், வேறு வீடு தேடுங்கள்.

பிரசங்கம் நீளமாயிருக்கும். துரோவாவில் பவுல் நடுராத்திரி மட்டும் பேசியபோது ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஆகையால் ஜன்னலோரம் உட்காராதிருப்பது நலம்! பேசுகிறவர் பகலில் ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்கிறவராகவும் இருக்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை, பவுலும் கூடாரம் செய்தவரே. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக நடுநடுவே இந்தியிலும் சொல்லுவார்.

கடைசியில் தனித்தனியாக ஜெபிப்பார்கள். கைகளை வைத்து ஜெபிப்பதும், யாக்கோபு 5:14-இன்படி எண்ணெய் பூசுவதும் உண்டு. சிலர் தீர்க்கதரிசனமாகவும் பேசுவார்கள். மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29-இன் போதனை. தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதபடியும் அதே வேளையில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படியும் 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இந்தப் பெண்ணைத்தான் நீ மணக்க வேண்டும், இந்தத் தொகையைத்தான் நீ கொடுக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே ஒருவர் உரைத்தால், மரியாதையோடு கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் பெற்றோரிடம் பேசுங்கள். தனியாக வந்திருக்கும் சகோதரிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் ஆண் ஜெபிக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை.

மருந்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லுகிறேன். மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் காசநோய் பலரைத் தாக்குகிறது. அதற்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறினதுபோல் இருக்கும். அப்போது, "கர்த்தர் சுகமாக்கிவிட்டார், மாத்திரையைத் தூக்கி எறி" என்று ஒருவர் சொல்லக்கூடும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும். அது உங்களோடு நிற்காமல், அதே அறையில் பாய் விரித்து உட்காருகிற குழந்தைகளுக்கும் பரவும். ஜெபித்துக்கொள்ளுங்கள், மாத்திரையையும் முடியுங்கள். பவுலுக்குப் பிரியமான லூக்கா ஒரு வைத்தியன்.

காணிக்கைப் பை வரும்போது புதியவர் ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். அப்பம் பிட்குதல் நடக்குமானால், முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே பல சபைகளில் கொடுப்பார்கள். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற உங்களுக்கு அது மனவேதனை தரலாம். மனம் கசந்து எழுந்து போகாமல், கூட்டம் முடிந்தபின் பாஸ்டர் ஐயாவிடம் காரணத்தைக் கேளுங்கள். வேதத்தைத் திறந்து பொறுமையாய் விளக்குகிறாரா, அடுத்த வாரமே தண்ணீரில் இறங்கச் சொல்லி அவசரப்படுத்துகிறாரா என்பதில் அவரைப் பற்றி அதிகம் அறிந்துகொள்ளுவீர்கள்.

வீட்டைத் திறந்துகொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூற்றிருபது சதுர அடி அறைக்கு மைக் எதற்கு? சென்னை கே.கே.ஆர். நகரிலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அயலாரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியோடும் மேளத்தோடும் ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவு பத்து முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும்தான் எல்லை. சுவருக்கு அப்பால் இருக்கிற மராத்திக் குடும்பத்தில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கலாம். முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்தால் பாதிச் சண்டை எழும்பாது. புதிதாய் வந்தவர் முதல் நாளிலேயே வாசலில் வாக்குவாதத்தைக் கண்டால் மறுபடியும் வரமாட்டார்.

கூட்டம் முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள். தேநீரும் பிஸ்கட்டும் வரும். வேலை தேடுகிறவருக்கு வேலை பற்றிய செய்தியும், வாடகை வீடு தேடுகிறவருக்கு முகவரியும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கிடைக்கும். உங்கள் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் போதும். அடுத்த வாரம் உங்களால் போக முடியாமற்போகலாம். அப்போது திங்கட்கிழமை யாராவது அழைத்து, "காய்ச்சலா தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள்.